ஒரே கட்டளை, வேறு வேறு குணம்

(வில்லியனூரில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் நோட்டீஸில் ‘எளிய முறையில் கிட்’ என்று அச்சடித்துவிட்டார்கள். கிட் எளிமையானது என்று உங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. அது சக்தி வாய்ந்த கருவி. உலகத்தில் மென்பொருள் எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆனால் ஒரே கட்டளை ஒரு சமயம் ஒரு மாதிரியும், இன்னொரு சமயம் வேறு மாதிரியும் நடந்துகொள்வதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஏன் அப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

பின்வரிசையில் பெற்றோர் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு நிமிடம். புரோகிராம் எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதுவதை ஒரு தொகுப்பாக வைத்திருப்பார்கள். பிள்ளைகள் அதை ‘ரெப்போ’ என்பார்கள். அதில் யார், என்றைக்கு, எந்த வரியை மாற்றினார் என்பதெல்லாம் பதிவாகும். வேண்டாமென்றால் பழைய நிலைக்குத் திரும்பலாம். பத்துப் பேர் பத்து ஊரிலிருந்து ஒரே தொகுப்பில் வேலை செய்யலாம். இதையெல்லாம் பார்த்துக்கொள்வதுதான் கிட். பெரும்பாலும் அதைப் படமும் பொத்தானும் இல்லாமல்தான் பயன்படுத்துகிறார்கள். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். உங்கள் பிள்ளை ராத்திரி பதினொரு மணிக்குக் கறுப்புத் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால், அநேகமாகக் காரணம் இதுதான்.

பேச்சுக்கு ஒரு ரெப்போவை வைத்துக்கொள்வோம். நம்முடைய வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைப் பற்றிய குறிப்புகளை நாமே திரட்டுகிறோம் என்று வையுங்கள். ‘ஏரி’ என்று ஒரு கோப்பு. புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்துப் பெரியதான பாகூர் ஏரியைப் பற்றிய விவரம் அதில் இருக்கிறது. ‘கோயில்’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் இந்த ஊர்த் திருக்காமீசுவரர் கோயில் தேர்த்திருவிழா பற்றிய குறிப்பு. பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வடம் பிடித்தது, இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிப்பது எல்லாம் அதில் உண்டு. ‘செப்பேடு’ என்று இன்னொரு கோப்பு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதிவைத்த பாகூர்ச் செப்பேட்டின் செய்தி அதில். எல்லாப் பெயரும் தமிழில்தான். ஏன் தமிழில் வைத்தேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

முதலில் ‘கிட் செக்அவுட்’. இதை அறியாதவர் இந்த அறையில் இருக்க மாட்டீர்கள். நம் ரெப்போவில் ‘மழைக்காலம்’ என்று ஒரு கிளை, அதாவது பிராஞ்ச், இருக்கிறது. ‘கிட் செக்அவுட் மழைக்காலம்’ என்று தட்டினால் அந்தக் கிளைக்குப் போவீர்கள். நீங்கள் பாதியில் வைத்திருக்கும் வேலை அழிந்துபோகும் நிலை இருந்தால் கிட் மறுத்துவிடும். ‘முதலில் கமிட் செய், இல்லையென்றால் ஸ்டாஷ் செய்’, அதாவது பதிந்து வை அல்லது ஒதுக்கி வை, என்று சொல்லி நிற்கும். நல்ல காவல்காரன்.

இப்போது அதே கட்டளைக்குக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். ‘கிட் செக்அவுட் செப்பேடு’. காலையிலிருந்து அந்தக் கோப்பில் நீங்கள் எழுதி, இன்னும் ‘கிட் ஆட்’ செய்யாமல், அதாவது கமிட்டுக்குத் தயாராக எடுத்து வைக்காமல், விட்டதெல்லாம் ஒரு நொடியில் போய்விடும். கேள்வி கேட்காது, எச்சரிக்காது. புள்ளி வைத்து ‘கிட் செக்அவுட் டாட்’ என்று தட்டினால் நிற்கிற ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்பும் பழைய நிலைக்குப் போய்விடும். ஒரே கட்டளை, ஒரு பக்கம் காவல்காரன், இன்னொரு பக்கம் கதவைத் திறந்துவிடுகிறவன். மூன்றாவது குணமும் உண்டு. நீங்கள் கொடுத்த பெயரில் உங்கள் கணினியில் கிளையும் இல்லை, கோப்பும் இல்லை, ஆனால் தூரத்து சர்வரில் அந்தப் பெயரில் கிளை இருக்கிறது என்றால், கேட்காமலே இங்கே ஒரு கிளையை உருவாக்கிக் கொடுத்துவிடும். கோப்புக்கும் கிளைக்கும் ஒரே பெயராக இருந்தால்? ‘ஏரி’ என்று கோப்பு இருக்கிறது, ‘ஏரி’ என்று கிளையும் இருக்கிறது. அப்போது சத்தம் போடாமல் கிளையை எடுத்துக்கொள்ளும். கோப்புதான் வேண்டுமென்றால் பெயருக்கு முன்னால் இரண்டு சிறு கோடு போட்டுச் சொல்ல வேண்டும்.

பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தாள். கல்லூரி புராஜெக்ட்டில் பாதி நாள் வேலை இப்படித்தான் போயிருந்தது. கிளை மாறுவதாக நினைத்துக் கோப்பின் பெயரைக் கொடுத்திருக்கிறாள். “நான்தான் சார் தப்பா அடிச்சிட்டேன்” என்றாள். அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். அவள் அடித்ததில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அந்தக் கட்டளையின் அமைப்பில்தான் பிழை. அவள் அந்தக் கோப்பை நடுவில் ஒரு தடவை ‘கிட் ஆட்’ செய்து வைத்திருந்ததால் அதுவரை எழுதியது மட்டும் தப்பியது. ஆட் செய்யாமல் விட்டிருந்தால் கிட்டிடம் அதன் சுவடே இருந்திருக்காது. இதை மட்டும் மனதில் வையுங்கள்: அரைகுறையாக இருந்தாலும் ஆட் செய்து வையுங்கள்.

செக்அவுட்டை விடுங்கள், பட்டியல் கேட்பதைப் பாருங்கள். ‘கிட் பிராஞ்ச்’ என்று வெறுமனே தட்டினால் கிளைகளின் பட்டியல் வரும். ‘கிட் டேக்’ என்றால் டேக்குகளின் பட்டியல். ‘கிட் ரிமோட்’ என்றால் சர்வர்களின் பட்டியல். இந்த மூன்றையும் பழகிய பிள்ளை, ‘ஸ்டாஷில் என்னென்ன வைத்திருக்கிறேன் என்று பார்ப்போமே’ என்று ‘கிட் ஸ்டாஷ்’ தட்டுகிறது. பட்டியல் வராது. கையில் இருக்கும் மாற்றத்தையெல்லாம் சுருட்டி உள்ளே தள்ளிவிடும். திரையில் பார்த்தால் காலையிலிருந்து செய்த வேலை எங்கேயும் இல்லை. பயந்துபோய் ஃபோல்டரையே அழித்துவிட்டு மறுபடி குளோன் செய்தவர்களை எனக்குத் தெரியும். ‘கிட் ஸ்டாஷ் பாப்’ என்றால் எல்லாம் திரும்ப வந்திருக்கும்.

நீக்குவது இன்னும் வேடிக்கை. கிளையை நீக்க ‘டேஷ் டி’. டேக்கை நீக்கவும் ‘டேஷ் டி’. ரிமோட்டை நீக்க ‘ரிமூவ்’. ஸ்டாஷை நீக்க ‘டிராப்’. இன்னும் சொல்லலாம், விட்டுவிடுகிறேன்.

ஆனால் ‘டேஷ் என்’ பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘கிட் ஆட்’, ‘கிட் ஆர்எம்’, ‘கிட் புஷ்’, ‘கிட் கிளீன்’ இந்த நான்கிலும் ‘டேஷ் என்’ என்றால் ஒத்திகை. செய்தால் என்ன நடக்கும் என்று காட்டும், எதையும் செய்யாது. நான்கு இடத்தில் ஒரே பொருள் என்றால் ஐந்தாவது இடத்திலும் அதுவாகத்தானே இருக்கும் என்று எந்தப் புத்திசாலியும் நினைப்பான். ‘கிட் கமிட் டேஷ் என்’ தட்டிப் பாருங்கள். கமிட் நிஜமாகவே நடந்துவிடும். அதுமட்டுமா, கமிட்டுக்கு முன்னால் ஓடவேண்டிய சோதனைகளை ஓடவிடாமல் தாண்டிப் போகும். பாதுகாப்புக்கென்று தட்டிய எழுத்து பாதுகாப்பை எடுத்துவிடுகிறது. ‘கிட் லாக்’கில் அதே எழுத்து எத்தனை பதிவு காட்ட வேண்டும் என்ற எண்ணிக்கை.

நிலத்தை அளக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குழி என்றால் நம் புதுச்சேரியில் ஓர் அளவு, தஞ்சாவூர்ப் பக்கம் வேறு அளவு. பெயரை மட்டும் நம்பி விலை பேசினால் ஏமாந்து போவோம். ஆனால் நிலத்தில் ஊர் மாறினால்தான் குழி மாறும். கிட்டில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்.

நீங்கள் நிற்கும் ஃபோல்டரைப் பொறுத்தும் குணம் மாறும். ‘கோயில்’ ஃபோல்டருக்குள் நிற்கிறீர்கள். ‘கிட் ஸ்டேட்டஸ்’ கேட்டால், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து வழி சொல்லும். தமிழ்ப் பெயர் திரையில் வரும் விதத்தைப் பிறகு பார்ப்போம்; இப்போதைக்கு, தேர் பற்றிய கோப்பை ‘தேர்’ என்றே காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘கிட் டிஃப்’ பண்ணி மாறிய கோப்புகளின் பெயரை மட்டும் கேட்டால், ரெப்போவின் தலைவாசலிலிருந்து வழி சொல்லும். ‘கோயில்/தேர்’ என்று வரும். அதை அப்படியே நகலெடுத்து ‘கிட் ஆட்’டிடம் கொடுத்தால், அது நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தேடும். ‘கோயிலுக்குள் இன்னொரு கோயிலா, அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று கைவிரிக்கும். பழைய கமிட்டில் இருந்த கோப்பை ‘கிட் ஷோ’ வழியாகக் கேட்டால் மறுபடியும் தலைவாசலிலிருந்து முழு வழியைச் சொல்ல வேண்டும். கிட் சொன்ன வழியை கிட்டிடமே திருப்பிச் சொன்னால் அதற்குப் புரியவில்லை.

இரண்டு கிளைகளுக்கு நடுவில் இரண்டு புள்ளி, மூன்று புள்ளி வைத்துக் கேட்பது தெரியும் அல்லவா. ‘கிட் லாக்’கில் இரண்டு புள்ளி என்றால் முதல் கிளையில் இல்லாமல் இரண்டாவதில் மட்டும் இருக்கும் கமிட்டுகள். ‘கிட் டிஃப்’பில் இரண்டு புள்ளி என்றால் இரண்டு கிளைகளின் முனையையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது. இரண்டும் பிரிந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் டிஃப்பில் மூன்று புள்ளி. லாக்கில் மூன்று புள்ளி வைத்தால் இரண்டு பக்கத்துக் கமிட்டுகளும் கலந்து வரும். நான் இப்போதும் தட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை யோசிக்கிறேன்.

அடுத்து, பதிப்பு. கிராமப்புறத்துப் பிள்ளைகளை அதிகம் வதைப்பது இதுதான் என்பது என் எண்ணம். நீங்கள் பெரும்பாலும் யூடியூப் பார்த்துக் கற்கிறீர்கள். வீடியோவில் இருப்பவரின் கிட் ஒரு பதிப்பு, கல்லூரி லேபில் இருப்பது ஒரு பதிப்பு, அண்ணனுடைய பழைய லேப்டாப்பில் இருப்பது மூன்றாவது பதிப்பு. ‘கிட் புஷ்’ என்று வெறுமனே தட்டினால் முன்பெல்லாம் இரு பக்கமும் ஒரே பெயரில் உள்ள எல்லாக் கிளைகளையும் சேர்த்து அனுப்பிவிடும். 2014 மே மாதம் வந்த 2.0 பதிப்பிலிருந்துதான் நீங்கள் நிற்கும் கிளையை மட்டும் அனுப்புகிறது. சென்ட்ஓஎஸ் 7 போட்ட சர்வரில் கூடவே வந்தது 1.8.3 பதிப்பு. அதில் பழைய குணம்தான். உபுண்டு 18.04-இல் வந்தது 2.17. அங்கே போய் ‘கிட் ஸ்விட்ச்’ என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சொல்லும். ‘கிட் புல்’ பல வருடம் கேட்காமலே மெர்ஜ் செய்துகொண்டிருந்தது. 2020-இல் முணுமுணுக்கத் தொடங்கியது. அதன் பிறகு, இரு பக்கமும் கிளை பிரிந்திருந்தால் எப்படிச் சேர்ப்பது என்று நீங்கள் சொல்லாதவரை நகராது.

இதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். ரெப்போக்களை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் தளத்தில் புது ரெப்போ தொடங்குகிறீர்கள். 2020 அக்டோபரிலிருந்து அங்கே முதல் கிளையின் பெயர் ‘மெயின்’. உங்கள் கணினியில் ‘கிட் இனிட்’ செய்தால், நீங்கள் வேறு சொல்லாதவரை, ‘மாஸ்டர்’. வீடியோ அண்ணன் ‘கிட் புஷ் ஆரிஜின் மெயின்’ என்கிறார். நீங்களும் தட்டுகிறீர்கள். ‘எர்ரர்: எஸ்ஆர்சி ரெஃப்ஸ்பெக் மெயின் டஸ் நாட் மேட்ச் எனி’ என்று வருகிறது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவனுக்கே இது விளங்காது. ‘மெயின் என்று உன்னிடம் கிளையே இல்லை, மாஸ்டர் என்றுதான் இருக்கிறது’ என்று சொல்ல அந்த வரிக்கு வாய் வரவில்லை. சரி, பெயரை மாற்றிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பாஸ்வேர்டு கேட்கும், கொடுப்பீர்கள், மறுக்கும். 2021 ஆகஸ்டு 13-ஆம் தேதியோடு கிட்ஹப் பாஸ்வேர்டை ஏற்பதை நிறுத்திவிட்டது. டோக்கன் அல்லது எஸ்எஸ்எச் சாவி வேண்டும். வீடியோ அதற்கு முன்னால் எடுத்தது, அதற்கு இது தெரியாது.

இனித் தமிழ்ப் பெயருக்கு வருகிறேன்.

‘ஏரி’ கோப்பில் ஒரு வரியை மாற்றிவிட்டு ‘கிட் ஸ்டேட்டஸ்’ கேளுங்கள். ‘ஏரி’ என்று காட்டாது. இப்படிக் காட்டும்:

"\340\256\217\340\256\260\340\256\277"

பிழை ஒன்றும் இல்லை, இது ஏரிதான். கணினிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாக இருக்கிறது. ஏ ஒன்று, ர ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. மூன்று மூன்றாக ஒன்பது பைட்டு. ஒவ்வொரு பைட்டையும் எட்டின் அடிமானத்தில் எண்ணாக எழுதிக் காட்டுகிறது. 340, 256 என்று திரும்பத் திரும்ப வருகிறதே, தமிழ் எழுத்துகள் யூனிகோடில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதால் வருவது. ஆங்கிலப் பெயர் பளிச்சென்று தெரியும், தமிழ்ப் பெயர் எண் மழையாகத் தெரியும். கோர்.கோட்பாத் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை ஃபால்ஸ் என்று மாற்றினால் தமிழ் தமிழாகவே தெரியும். ஆனால் மாற்றாதவரை ட்ரூதான். அந்தக் காலத்து ஏற்பாடு அது, இன்னும் அப்படியே கிடக்கிறது. இதைப் பார்த்துவிட்டு ‘கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கக் கூடாது’ என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஒரு வரி அமைப்பை மாற்றியிருந்தால் போதும்.

பெயருக்கு நடுவில் இடம் விட்டால், அந்த அமைப்பை மாற்றிய பிறகும் இன்னொரு கூத்து. கோப்பின் பெயர் ‘பாகூர் ஏரி’. ஸ்டேட்டஸை வழக்கமான நீள வடிவில் கேட்டால் வெறும் பெயர் வரும். அதே ஸ்டேட்டஸைச் சுருக்க வடிவில் கேட்டால் இருபுறமும் மேற்கோள் குறி போட்டு வரும். ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ மேற்கோள் போடாது. இதன் வெளியீட்டை எடுத்து இன்னொரு புரோகிராமுக்கு ஊட்டுகிறவர்கள் படும் பாடு அவர்களுக்குத்தான் தெரியும். அதற்கென்று ‘டேஷ் இசட்’ இருக்கிறது. எல்லா அலங்காரத்தையும் கழற்றிவிட்டுப் பெயரை உள்ளபடியே கொடுக்கும். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் அதைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம்.

இதையெல்லாம்விட நுணுக்கமான சிக்கல் ‘கோயில்’ ஃபோல்டரில் இருக்கிறது. ‘ஏரி’க்கு வராது, ‘கோயி’லுக்கு வரும். ககரத்தின் மேல் ஏறும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னால் வரும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நம் விசைப்பலகைகள் பெரும்பாலும் முதல் முறையில் வைக்கும். ஆப்பிள் கணினிகளில் பல காலம் இருந்த கோப்பு முறைமை பெயரை வாங்கிக்கொண்டு இரண்டாவது முறைக்குப் பிரித்து வைக்கும். லினக்ஸுக்கு இரண்டும் இரண்டு வேறு பெயர். ஆக, லினக்ஸில் ஒருவன் ‘கோயில்’ என்று ஃபோல்டர் வைத்துக் கமிட் செய்கிறான். மேக்கில் இன்னொருத்தி அதை இறக்குகிறாள். அவளுடைய கிட்டுக்குப் பழைய கோயில் போக, புதிதாக இன்னொரு கோயில் முளைத்திருக்கிறது. அவள் எதையும் தொடவே இல்லை. ஐரோப்பிய மொழிகளின் புள்ளி வைத்த எழுத்துகளிலும் இதே தொல்லை வந்தது. 2012-இல் வந்த 1.7.12 பதிப்பில், மேக்கில் பிரிந்து கிடப்பதைச் சேர்த்துப் படிக்க கோர்.ப்ரிகம்போஸ்யூனிகோட் என்ற அமைப்பைக் கொண்டுவந்தார்கள். ஒகர, ஓகார, ஔகாரக் குறி வரும் எந்தப் பெயரும் இந்த வலையில் விழலாம். பொங்கல், தொகுப்பு, கோலம் எல்லாம் விழும். பாகூர், வில்லியனூர் இரண்டும் தப்பித்துவிடும். ஊர்ப் பெருமையாக வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: விண்டோஸில் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் வித்தியாசம் பார்க்காததால் ஆங்கிலப் பெயர்களில் ஒரு பெரிய தலைவலி உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அந்தத் தலைவலி நமக்கு இல்லை.

இதெல்லாம் எப்படி வந்து சேர்ந்தது? 2005 ஏப்ரலுக்குப் போக வேண்டும். லினக்ஸ் கெர்னலை எழுதுகிறவர்கள் அதுவரை பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தி வந்தார்கள். அந்த இலவச அனுமதி போய்விட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களில் ஒரு மாற்றை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7 முதல் கமிட். ஜூன் மாதம் வெளிவந்த கெர்னல் 2.6.12 கிட்டில் பராமரிக்கப்பட்டது. ஜூலையில் கிட்டின் பொறுப்பை ஜூனியோ ஹமானோ ஏற்றார். அவசரத்தில் பிறந்த பிள்ளை. அடித்தளத்தை டோர்வால்ட்ஸ் மிக நேர்த்தியாகப் போட்டார், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. மேலே ஆட்கள் தட்டும் கட்டளைகளை வேறு யாராவது அழகாகக் கட்டிக்கொள்வார்கள் என்ற எண்ணம் அப்போது இருந்தது. கோகிட்டோ என்ற பெயரில் ஒருவர் அப்படிக் கட்டவும் செய்தார். நாளடைவில் அது கைவிடப்பட்டு, கிட்டின் சொந்தக் கட்டளைகளே மக்கள் கைக்கு வந்துவிட்டன. அன்று அவை ஒவ்வொன்றும் தனித்தனி புரோகிராம். சில சி மொழியில், சில ஷெல் ஸ்கிரிப்டில், சில பெர்லில். ஒவ்வொன்றும் ஒரு கை, ஒரு காலம். ஸ்டாஷ் 2007-இல்தான் வந்தது. ‘டேஷ் என்’ என்பதற்கு எல்லாரும் ஒரே பொருள் வைத்துக்கொள்வோம் என்று கூடிப் பேச அன்று யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

பழைய பெயர்களும் ஒட்டிக்கொண்டன. கமிட்டுக்கு முன்னால் கோப்பு காத்திருக்கும் இடத்தை முதலில் கேஷ் என்றார்கள், பிறகு இன்டெக்ஸ் என்றார்கள், பாடம் எடுத்தவர்கள் ஸ்டேஜிங் என்றார்கள். அதனால் இன்று ‘கிட் டிஃப்’புக்கு கேஷ்டு என்றாலும் ஸ்டேஜ்டு என்றாலும் புரியும். ‘கிட் ஆர்எம்’முக்கு கேஷ்டு மட்டும். ‘கிட் ரெஸ்டோர்’க்கு ஸ்டேஜ்டு மட்டும்.

அப்புறம் ஏன் திருத்தவில்லை என்று கேட்பீர்கள். திருத்தினால் உடையும். உலகத்தில் எத்தனையோ ஸ்கிரிப்டுகள் இந்தக் கோணல்களை நம்பி ஓடிக்கொண்டிருக்கின்றன. நாளைக் காலையில் ‘கமிட் டேஷ் என்’ ஒத்திகையாக மாறினால், அதை வைத்து ராத்திரியில் தானாக ஓடும் வேலைகள் எதையும் கமிட் செய்யாமல் சும்மா இருந்துவிடும், யாருக்கும் தெரியாது. ஆகவே ஹமானோ மிக நிதானமாகத்தான் எதையும் மாற்றவிடுவார். புஷ்ஷின் குணத்தை மாற்றுவதற்கு முன்னால் பல பதிப்புகளில் எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். பழகியவனுக்குக் கோணல் கைவந்துவிட்டது. புதிதாக வருகிறவன் தலையில்தான் விடிகிறது. அதுவும் வீட்டில் முதல் ஆளாகக் கணினியைத் தொடும் பிள்ளை, பக்கத்தில் கேட்க ஆள் இல்லாத பிள்ளை, ‘எனக்கு மூளை போதவில்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறது.

போதாதது உங்கள் மூளையில்லை என்பதற்குப் பெரிய இடத்துச் சாட்சியும் உண்டு. எம்ஐடியில் சான்டியாகோ பெரெஸ் டி ரோசோ, டேனியல் ஜாக்சன் இருவரும் 2013-இல் கிட்டில் என்ன கோளாறு என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பயன்படுத்துகிறவர்களைக் குற்றம் சொல்லாமல், கருவியின் கருத்தமைப்பிலேயே சிக்கல் இருக்கிறது என்று காட்டினார்கள். கிட்லெஸ் என்று ஒரு மாற்றையும் செய்து காட்டினார்கள். கிட் தரப்பும் சும்மா இருக்கவில்லை. செக்அவுட்டைப் பிரித்து, கிளைக்கு ‘ஸ்விட்ச்’, கோப்புக்கு ‘ரெஸ்டோர்’ என்று இரண்டு புதுக் கட்டளைகளை 2019 ஆகஸ்டில் 2.23 பதிப்பில் கொண்டுவந்தார்கள். எழுதியவர் வியட்நாமியப் பெயர் கொண்ட நுயென் தாய் நொக் துய். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் கிட்டின் குணத்தை மாற்றலாம் என்பதற்காக அவர் பெயரைச் சொல்கிறேன். பழைய செக்அவுட்டை எடுக்கவில்லை, அது பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் கணினியில் 2.23-க்கு மேல் இருந்தால் ஸ்விட்சையும் ரெஸ்டோரையும் மட்டும் பழகுங்கள். செக்அவுட் சொல்லித்தரும் வீடியோவைப் பார்க்கும்போது மனதுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

எதையும் தட்டுவதற்கு முன் பதிப்பு எண்ணைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ‘கிட் ஸ்டேட்டஸ்’. அடுத்து என்ன செய்யலாம், எப்படித் திரும்பலாம் என்று அதுவே அடைப்புக்குள் சொல்லும், பலர் அதைப் படிப்பதில்லை. சுருக்க எழுத்தை விட்டுவிட்டு முழுப் பெயரைத் தட்டுங்கள். ‘டேஷ் டேஷ் ட்ரை-ரன்’ என்று தட்டினால் கமிட்டிலும் அது ஒத்திகைதான். ஊருக்குள் ஆளே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்தார் இருக்கிறார்கள், பக்கத்தில் விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. 2020-இல் வந்த 2.27 பதிப்பிலிருந்து ‘கிட் பக்ரிப்போர்ட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைத் தட்டினால் ஒரு கோப்பு திறக்கும். பதிப்பு எண்ணையும் கணினி விவரத்தையும் அதுவே எழுதிக்கொள்ளும். உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: என்ன செய்தாய், என்ன நடக்கும் என்று நினைத்தாய், என்ன நடந்தது, இரண்டுக்கும் என்ன வித்தியாசம். ‘கோயில்’ இரண்டாகத் தெரிந்தால், ‘ஏரி’ எண்ணாகத் தெரிந்தால் அதில் எழுதுங்கள். இந்தத் தொல்லை அமெரிக்காவில் உட்கார்ந்து ஆங்கிலப் பெயர் வைப்பவன் கண்ணில் படாது, நம் கண்ணில்தான் படும். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, தட்டிய கட்டளையையும் திரையில் வந்ததையும் அப்படியே ஒட்டினால் கிட்டை எழுதுகிறவர்களுக்குப் புரியும். அந்தக் கோப்பை நீங்கள்தான் மின்னஞ்சலில் அவர்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும்போது ஜிமெயிலில் ‘ப்ளெயின் டெக்ஸ்ட் மோட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வண்ணமும் தடித்த எழுத்துமாகப் போகும் அஞ்சலை அவர்களுடைய சர்வர் ஏற்காமல் திருப்பிவிடும்.

இனி உங்கள் கேள்விகள்.